அப்பாக்களின் லாம்பிரெட்டா

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அறுபதைத் தாண்டிய யாரிடமும் லாம்பிரெட்டா என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு முகம் நினைவுக்கு வரும். ஊரெல்லாம் சைக்கிள் மிதித்த காலத்தில் அந்த வண்டியில் வந்த டாக்டராக இருக்கலாம், வக்கீலாக இருக்கலாம், மில் அதிகாரியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது என் தகப்பனாரின் வண்டி. 1960களின் நடுவில் வாங்கிய லாம்பிரெட்டா எல்.ஐ. 150. அவர் காலத்துக்குப் பிறகு என்னிடம் வந்தது. அதைச் சீர்செய்யக் கிளம்பியபோதுதான் அதன் சரித்திரத்தையும் தேடிப் படித்தேன். பிறந்தது இத்தாலி என்றாலும், பாதிக்கு மேல் நம் நாட்டில் வாழ்ந்த வண்டி இது என்று அப்போதுதான் தெரிந்தது.

இத்தாலியில் ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி என்று ஒரு தொழிலதிபர். இரும்புக் குழாய் செய்து பெரிய ஆள் ஆனவர். மிலான் நகரத்தை ஒட்டிய லாம்பிராத்தே என்ற இடத்தில் அவருடைய ஆலை இருந்தது. பக்கத்தில் ஓடும் ஆறு லாம்பிரோ. இரண்டாம் உலகப் போரில் அந்த ஆலை குண்டுவீச்சில் சிதைந்தது. போர் முடிந்ததும் மக்கள் கையில் காசு இல்லை. பஸ், ரயில் சரியாக இல்லை. ஆனாலும் வேலைக்குப் போயாக வேண்டும். அவர்களுக்காக 1947ல் வந்ததுதான் லாம்பிரெட்டா. ஊர்ப் பெயரே வண்டிக்குப் பெயர். நம் ஊர்ப் பெயரை ஒரு நாய் இனம் உலகமெல்லாம் கொண்டுபோயிருப்பது போல, லாம்பிராத்தேயின் பெயரை ஒரு ஸ்கூட்டர் கொண்டுபோனது.

அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1946ல், பியாஜியோ கம்பெனியின் வெஸ்பா வந்துவிட்டது. வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியில் குளவி. நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். அதிலே குளவிக்கு 'கெப்' என்று பெயர். இரண்டு சொல்லும் லத்தீனிலிருந்து வந்த உறவுக்காரச் சொற்கள் என்று பின்னால் அறிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமான இஞ்சினியர். அதனால் வெஸ்பாவுக்கு வளைத்து அழுத்திய தகரமே உடம்பு, தனியாகச் சட்டம் கிடையாது. இன்னொசென்டி குழாய்க்காரர். லாம்பிரெட்டாவுக்கு உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே தகரம். வெஸ்பாவில் இஞ்சின் வலப்பக்கம் தொங்கும். லாம்பிரெட்டாவில் நடுவில் இருக்கும். லாம்பிரெட்டா ஓட்டினவர்கள் "வண்டி ஒரு பக்கம் இழுக்காது" என்று பெருமை அடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

இந்த இரண்டும் நம் நாட்டுக்கும் வந்தன. வெஸ்பா பஜாஜ் வழியாக வந்தது. லாம்பிரெட்டாவைக் கொண்டுவந்தது ஆட்டோமொபைல் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சுருக்கமாக ஏ.பி.ஐ. 1949ல் பம்பாயில் ரூட்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி தொடங்கியது. பிற்பாடு அதை வாங்கியவர் நம் எம்.ஏ. சிதம்பரம். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு யார் பெயரோ அவரேதான். தூத்துக்குடி ஸ்பிக் உரத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தவரும் அவர். ஏ.பி.ஐ.க்கு அம்பத்தூரிலும் ஆலை இருந்தது. எல்.ஐ. 150 வண்டியையே பிற்காலத்தில் 'லேம்பி' என்று பெயர் மாற்றி விற்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் விட்ட எம்.ஏ.சி. 175 என்ற ஸ்கூட்டரில் இருப்பதும் அந்தக் குழுமத்தின் எழுத்துக்கள்தான்.

வண்டி வாங்குவது அன்றைக்கு லேசான காரியம் இல்லை. ஸ்கூட்டர் விநியோகத்துக்கே 1960ல் மத்திய அரசு தனியாக ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரசு ஊழியருக்கு ஒதுக்கீடு உண்டு. அதிலும் வரிசை உண்டு. மனு எழுதி, முன்னுரிமை கேட்டு, பதில் வருமா என்று தபால்காரரை எதிர்பார்த்த தலைமுறை அது. கல்யாணத்துக்குப் பதிவு செய்த வண்டி பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது வந்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இத்தாலியில் கதை தலைகீழ். அங்கே சனங்கள் கையில் காசு புரள ஆரம்பித்ததும், 1957ல் வந்த ஃபியட் 500 போன்ற குட்டிக் கார்களுக்கு மாறிவிட்டார்கள். ஸ்கூட்டரைச் சீண்ட ஆள் இல்லை. இன்னொசென்டி 1966ல் காலமானார். 1971ல் லாம்பிரெட்டா உற்பத்தி நின்றது. கம்பெனி பிரிட்டிஷ் லேலண்ட் கைக்குப் போய் கார் செய்யப் போனது. அந்த நேரத்தில், வேண்டாம் என்று ஒதுக்கிய எந்திரங்களையும் அச்சுகளையும் விலை கொடுத்து வாங்கியது நம் மத்திய அரசு! 1972ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. 1975 முதல் அங்கே ஸ்கூட்டர் உற்பத்தி நடந்தது. உள்நாட்டில் 'விஜய்' என்ற பெயர். வெளிநாட்டுக்குப் போனால் லாம்பிரெட்டா. 1997ல் ஸ்கூட்டர் நின்றது. மூன்று சக்கர வண்டியோடு காலம் தள்ளிய அந்த நிறுவனத்தையும் மூடிவிட 2021ல் அரசு முடிவெடுத்தது.

தாய்வீட்டில் நின்றுபோன பிறகும் கால் நூற்றாண்டு இங்கே அந்தக் குடும்பம் தழைத்தது. அதனால் நமக்கு ஒரு லாபம்: பழைய உதிரிப் பாகங்கள் இன்றைக்கும் தேடினால் கிடைக்கின்றன.

இனி சீர்செய்கிற விஷயம். நீண்ட நாள் நின்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியைக் கண்டதும் ஆசையில் கிக்கரை உதைக்கக் கூடாது. பிஸ்டன் துருவில் ஒட்டிப் பிடித்திருக்கும். பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக எண்ணெய் விட்டு, நாலைந்து நாள் ஊற வைக்க வேண்டும். பெட்ரோல் டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். உள்ளே மண்ணெண்ணெயும் ஒரு கைப்பிடி நட்டு போல்ட்டும் போட்டுக் குலுக்கித் துருவை எடுப்பது நம் மெக்கானிக்குகளின் பழைய முறை. கிராங்க் ஓரத்து ரப்பர் ஆயில் சீல்தான் முக்கியம். அது காய்ந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், கலவை மெலியும், இஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், "இஞ்சின் நல்லாத்தான் இருக்கு சார், சீலுதான் செத்துப்போச்சு" என்றார். அந்தச் சீலின் விலை மற்றச் செலவுகளோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது டிங்கரிங், பெயிண்டிங். இங்கேதான் ஆசை கண்ணை மறைக்கும். ஓட்டைத் தகரத்தில் பட்டி பூசி, இரண்டு வர்ணம் அடித்து, கண்ணாடி கண்ணாடியாக மாட்டினால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். இரண்டு மழைக்காலம் தாங்காது. இப்படி மினுக்கிய வண்டிகள் நம் நாட்டிலிருந்து சீமைக்கு ஏற்றுமதியாகி, வாங்கினவர்கள் வாயில் விழுந்த கதை நிறைய உண்டு. கெட்ட தகரத்தை வெட்டி நல்ல தகரம் வைப்பதும், இருக்கிற வர்ணத்தை முடிந்தவரை காப்பதும்தான் மரியாதை. ஹேண்டில் பிடியில் தேய்ந்த இடம் நம் அப்பா கைபட்டுத் தேய்ந்தது. அதைப் புதுசாக்கி என்ன காணப்போகிறோம்?

குமாஸ்தாவாக இருந்தவன் கடைசியில் காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவேனா! தகப்பனார் பெயரில் உள்ள வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. விற்பனைக்கான படிவம் 30 வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பெயிண்ட் அடிக்கிறவர் உப்புத்தாள் போட்டு அந்த எண்களைத் தேய்த்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனிப் பதிவு. புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000 என்று கட்டணம். பத்து ஆண்டு செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்றுதான் வெளியே எடுக்கலாம். பஞ்சு மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வரலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துச் செய்ய வேண்டும்.

நம் இரண்டு ஊரிலும் மாடிப்படிக்குக் கீழேயும் தொழுவத்திலும் இன்னும் எத்தனையோ வண்டிகள் சாக்கு மூடிக் கிடக்கின்றன. பிள்ளைகள் வெளியூரில், இடம் அடைக்கிறது என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். போடுவதற்கு முன்னால் பீரோவில் அந்த ஆர்.சி. புத்தகத்தை ஒரு தரம் தேடி எடுத்துப் பாருங்கள். உங்கள் தகப்பனார் எத்தனை வருஷம் காத்திருந்து அந்த வண்டியை வாங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அதற்கு அப்புறமும் எடைக்குப் போடத் தோன்றினால் போடுங்கள்.