சுருதி போடுகிறவன்

வாலாஜாபாத்திலிருந்து வேலைக்குப் போக, வர, கம்பெனி பஸ்ஸில் தினமும் மூன்று மணி நேரம். வயலின் கன்செர்டோக்களை நான் கேட்டுப் பழகியது அந்த பஸ்ஸில்தான். ஒருவர் முன்னால் நின்று வயலின் வாசிப்பார், பின்னால் அறுபது எழுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா. பெரும்பாலும் மூன்று பகுதிகள், அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை. பீத்தோவன், மெண்டல்சன், பிராம்ஸ், சைக்கோவ்ஸ்கி, சிபெலியஸ் என்று வரிசையாகக் கேட்டபோது எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: தனி ஆள், பெரும் படையை எதிர்த்து நிற்கிறான், ஜெயிக்கிறான்.

அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. பெரியப்பா வயலின்காரர். பகலில் தறி, சாயங்காலம் கோயில் கச்சேரி. நாற்பது வருஷம் பக்கவாத்தியம் மட்டுமே வாசித்தார். பாடகர் போன வழியெல்லாம் பின்னாலேயே போக வேண்டும். நோட்டீஸில் அவர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும், சில வருஷம் அதுவும் இருக்காது. ஒருமுறை பேசிய பணத்தில் பாதிதான் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் ஆறவில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனதுதான் கன்செர்டோ என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பீத்தோவனின் கன்செர்டோ 1806 டிசம்பர் 23 அன்று வியன்னாவில் அரங்கேறியது. டிம்பனி தனியாகத் தட்டித் தொடங்கும். வயலின்காரர் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அன்று வாசித்த ஃபிரான்ஸ் கிளெமென்ட் பெரிய வித்துவான்தான், ஆனாலும் எடுபடவில்லை. 1844-இல் லண்டனில் மெண்டல்சன் நடத்த, யோவாகிம் என்ற 12 வயதுப் பையன் வாசித்த பிறகுதான் அதற்கு மறுபடி உயிர் வந்தது.

அதே 1806-இன் ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அப்போது எங்கள் ஊரிலும் கம்பெனிப் பட்டாளம் தங்கியிருந்தது. புதுத் தலைப்பாகை பற்றிய முணுமுணுப்பு இங்கேயும் கேட்டது. அந்த வருஷம் பாலுசுவாமி தீட்சிதருக்கு 20 வயது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில், கம்பெனிக்கு துபாஷாக இருந்த முதலியார் வீட்டு ஆதரவில் இருந்தபோது, ஜார்ஜ் கோட்டை பேண்டு இசை அவர்கள் காதில் விழுந்தது. பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அண்ணனோ அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவைதான் இன்றைக்குக் குழந்தைகள் பாடும் நோட்டுஸ்வரங்கள், எல்லாம் சங்கராபரணம்.

வாத்தியத்தை வாங்கிக்கொண்ட நம்மவர்கள் அதன் கச்சேரியை வாங்கிக்கொள்ளவில்லை. நிற்பதை விட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள், வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றினார்கள். தாங்கிப் பிடிக்கும் வேலை போனதும் இடது கை விடுபட்டது, விரல் தந்தியில் வழுக்கி ஓடலாம், கமகம் வந்தது. தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றிக் கட்டினார்கள். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு ஸ்வாதித் திருநாள் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார். இவ்வளவு மரியாதை கிடைத்தும், அதற்குக் கச்சேரியில் ஒதுக்கிய இடம் பாடகரின் பக்கத்தில்தான்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நம் வயலின் நிற்க 1980கள் வரை ஆனது. எல். சுப்பிரமணியத்தின் அப்பா லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. மகன் எம்.பி.பி.எஸ். படித்தார், வயலினையும் விடவில்லை. 1985-இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு, சுபின் மேத்தா நடத்த, அவர் எழுதிய ‘ஃபேண்டஸி ஆன் வேதிக் சாண்ட்ஸ்’ அரங்கேறியது. அடுத்த வருஷம் இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’, வயலின் வி.எஸ். நரசிம்மன். சுப்பிரமணியத்தின் படைப்பில் பல இடங்களில் ஆர்கெஸ்ட்ரா மெத்தை மாதிரி கீழே கிடக்கிறது, பேச்சுக்குப் பதில் பேச்சு குறைவு என்பது என் அபிப்பிராயம். இதைச் சொன்னால் திட்டு விழும், விழட்டும். இளையராஜாவில் அந்தப் பேச்சு இருக்கிறது, ஆனால் அது கன்செர்டோ இல்லை.

போன தீபாவளிக்கு மெண்டல்சனின் ஈ மைனர் கன்செர்டோவைப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். 1845-இல் லைப்சிக்கில் முதலில் வாசிக்கப்பட்டது. பீத்தோவன் மாதிரி காக்க வைக்காது, ஆரம்பித்த சில நொடியிலேயே வயலின் பாடத் தொடங்கிவிடும். அதனால்தான் அதை எடுத்தேன். ‘பாருங்க பெரியப்பா, ஒரே ஆள்’ என்றேன். தலையாட்டினார். வேகமான பிருகாக்களுக்கு ‘கை சுத்தம்’ என்றார், அவ்வளவுதான்.

மூன்று நிமிடம் தாண்டியதும் வேகம் அடங்குகிறது. புது மெட்டு ஒன்று வருகிறது. அதை வாசிப்பது வயலின் இல்லை, கிளாரினெட்டும் புல்லாங்குழலும். வயலின் தன் கடைசித் தந்தியில், விரலே வைக்காமல், ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நூறு முறையாவது கேட்டிருப்பேன். எனக்கு அது அடுத்த பாய்ச்சலுக்கு முன் ஓர் இளைப்பாறல், அவ்வளவுதான்.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“டேய், சுருதி போடுறான்டா.”

“யாரு?”

“உன் ஆளுதான். அவங்க பாடுறாங்க, இவன் சுருதி போடுறான். திருப்பிப் போடு.”

திருப்பிப் போட்டேன். அதே பகுதியில் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது. தனி ஆவர்த்தனம் மாதிரி வயலின் மட்டும் வாசிக்கும் இடத்துக்கு கடென்சா என்று பெயர். வழக்கமாக அது பகுதியின் முடிவில், ஜெயித்தவன் கொடியேற்றுவது போல வரும். மெண்டல்சன் அதை நடுவில் வைத்தார், வித்துவானின் இஷ்டத்துக்கு விடாமல் முழுக்க எழுதியும் வைத்தார். அது முடியும் இடத்தில் வில் நான்கு தந்திகளிலும் துள்ளித் துள்ளிப் போகிறது. அப்போது ஆர்கெஸ்ட்ரா முதல் மெட்டை மெதுவாகக் கையில் எடுக்கிறது. வயலின் துள்ளலை நிறுத்துவதில்லை, அதுதான் இப்போது பக்கவாத்தியம். அதற்கும் பெரியப்பா சிரித்தார்.

பிராம்ஸின் கன்செர்டோ கதையைச் சொன்னேன். இரண்டாம் பகுதியில் ஓபோ முழு மெட்டையும் வாசிக்கும், வயலின்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சரசாத்தே என்ற பெரிய வித்துவான் அதற்காகவே அதை வாசிக்க மறுத்தார் என்பார்கள்.

“அவனுக்குக் கேட்கத் தெரியல போல,” என்றார்.

சின்ன வயதில் அவர் கோர்வைத் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை எறிந்தவர். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் பட்டுப்புடவைக்கு நெய்கிறவர் ஒருவர் போதாது. அந்த வேலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. உள்ளே போய் வயலினை எடுத்து வந்தார். ஒரு கட்டை சுருதியில் இருந்தது, அதில் அந்த நீள ஸ்வரம் மூன்றாம் தந்தி, மந்தர பஞ்சமம்.

“அந்த இடம் மட்டும் போடு,” என்றார். “நான் பிடிக்கிறேன்.”