துறைமுகத்தில் கொள்ளைநோய் – 9: மூச்சு வாங்கப் போன கப்பல்

சென்ற வாரம்: 1918இன் இன்ஃபுளுவென்சா இரு வாசல்களால் இலங்கைக்குள் புகுந்தது. ஒக்டோபர் தொடக்கத்தில் வடக்கிலும் தெற்கிலும் ஏககாலத்தில் சாவு உச்சத்தைத் தொட்டது. அந்தக் கொள்ளைநோயால் தீவின் சனத்தொகை 307,000 குறைந்ததாகப் பிற்கால ஆய்வாளர்கள் கணித்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேர்!

இனி…

2021 ஓகஸ்ட். திருகோணமலையில் கச்சான் காற்று அடித்து ஓயாத காலம். துறைமுகத்தில் இலங்கைக் கடற்படையின் ‘சக்தி’ நங்கூரம் தூக்கியது. கரையில் முட்டி, முகப்பைத் திறந்து, படையினரையும் கனரக வாகனங்களையும் இறக்குவதற்கென்றே கட்டிய தரையிறங்கு கப்பல் அது. இந்த முறை போருக்குப் போகவில்லை. போகும் இடம் சென்னை. ஏற்ற வேண்டிய சரக்கு ஒட்சிசன்.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன்தானே? நான்கு பக்கமும் கடற்காற்று வீசும் தீவில் அதற்கு எப்படித் தட்டுப்பாடு வந்தது?

டெல்டாதான் காரணம். கொரோனாவின் இந்தத் திரிபு வேகமாகப் பரவியது. வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்பின. கிருமி நுரையீரலின் நுண்ணறைகளைத் தாக்கும்போது, அதை எதிர்க்கும் உடலின் வேகமே அறைகளை வீங்கவைத்து நீர் கோர்க்கச் செய்துவிடும். எவ்வளவு மூச்சை இழுத்தாலும் ஒட்சிசன் இரத்தத்தில் ஏறாது. இதில் பொல்லாத ஒன்று உண்டு. சிலருக்குத் திணறலே தெரியாது. கட்டிலில் சம்மணமிட்டு வீட்டாரோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருப்பார். விரல் நுனியைக் கவ்விய சின்னக் கருவி மட்டும் இரத்தத்தின் ஒட்சிசன் அளவு 84 என்று காட்டும். ஆரோக்கியமான ஒருவருக்கு 95க்குக் கீழே இறங்கக் கூடாத எண் அது.

அப்படி ஒருவருக்கு நிமிடத்துக்கு 10 லீற்றர் கொடுத்தால், நாளொன்றுக்கு 14,400 லீற்றர். அதிவேகமாகச் செலுத்தும் கருவியைப் பூட்டினால் நிமிடத்துக்கு 60 லீற்றர்கூடப் போகும். இவ்வளவையும் வாயுவாக ஏற்றிவர எந்தக் கப்பலும் போதாது. பூச்சியத்துக்குக் கீழே 183 பாகை வரை குளிர்வித்தால் ஒட்சிசன் வெளிர்நீலத் திரவமாகிவிடும். அதில் ஒரு லீற்றர், 800 லீற்றருக்கு மேல் வாயுவாக விரியும்.

‘சக்தி’ ஏற்றிவரப் போனது 40 தொன். கேட்கப் பெரிய தொகைதான். கணக்குப் பார்த்தால், நிமிடத்துக்கு 10 லீற்றர் வேண்டிய 2,000 பேருக்கு ஒரே ஒரு நாள்!

ஓகஸ்ட் 20, இரவு 10 மணி. நாடு முழுதும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு விழுந்தது. 22ஆம் திகதி விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் ஒட்சிசனோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தது இந்தியக் கடற்படைக் கப்பல். அதற்கும் பெயர் ‘சக்தி’தான். சென்னைக்குப் போன நம் கப்பலும் அதே நாட்களில் 40 தொன்னோடு திரும்பியது. ஒரு காலத்தில் கப்பலேறி வந்த நோய்க்குப் பயந்த தீவு, இப்போது கப்பலேறி வரும் மூச்சுக்குக் காத்திருந்தது.

ஆனாலும் அந்த மாத இறுதியில் நாளாந்த மரணம் 200ஐத் தாண்டியது. ஊரடங்கு விலக ஒக்டோபர் 1 ஆயிற்று. 2023 மே 5இல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை விலக்கிக்கொண்டது. கொரோனா போய்விட்டதென்று அது சொல்லவில்லை. கிருமி இன்றும் உருமாறிப் பரவிக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கிடையே உலகெங்கும் வைத்தியர்களின் வாசலில் ஒரு புதுக் கூட்டம் சேர்ந்தது. காய்ச்சல் இல்லை, பரிசோதனை முடிவும் ‘நெகட்டிவ்’. ஆனால் மூன்று மாதம் கழிந்தும் தீராத அசதி, நெஞ்சுப் படபடப்பு, மறதி. இப்படிப்பட்டவருக்குக் கோணேசர் கோயில் ஏற்றம்கூட இமயமலைதான்.

வைத்தியர்களைத் திகைக்கவைத்தது வேறொன்று. அந்தக் கூட்டத்தில் பலர் வைத்தியசாலைக் கட்டிலில் படுத்தவர்களே அல்லர். ஒட்சிசன் அவர்களுக்கு ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. வீட்டில் நாலு நாள் காய்ச்சலோடு எழுந்து நடமாடியவர்களை, இத்தனை மாதம் கழித்து வந்து பிடித்தது எது?

(அடுத்த வாரம்)