நீரிழிவும் பாதமும்

நீரிழிவு என்பது, கணையம் சுரக்கும் இன்சுலின் குறைவதாலோ, சுரந்த இன்சுலினுக்குச் சரீரம் சரிவர இணங்காமற் போவதாலோ, ரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நிற்கும் வியாதி. மதுமேகம் என்று வைத்திய நூல்களும், 'சுகர்' என்று ஜனங்களும் வழங்குவது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுபரிசோதனையிலும் அப்படியே காணுமாயின், வியாதி நிச்சயம். 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வு, நாட்டில் இவ்வியாதியுள்ளோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று கணக்கிட்டது.

கண்ணையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் இது பாதிப்பது பலரும் அறிந்ததே. பாதம் கெடும் விதமோ, வலியில்லாமையால், அறியப்படாமலே போகிறது. பல்லாண்டு மிகுந்து நின்ற சர்க்கரை நரம்புகளை நலிவித்து, முதலில் எரிச்சலும் மதமதப்பும் தந்து, பின்பு ஸ்பரிச உணர்வையே போக்கிவிடுகிறது. வியர்வை வற்றிக் குதிகால் வெடிக்கிறது. ரத்தக் குழாய் சுருங்கியவருக்குப் புண் ஆறுவதும் தாமதிக்கிறது. செருப்பில் ஏறிய முள்ளோடு மாலைவரை நடந்து, வீட்டுத் தரையில் ரத்தக் கறையைக் கண்ட பின்னரே காயத்தை அறிகிறவர் உண்டு.

உணர்விழப்பே பாதத்தைக் கெடுக்கிறது என்னும் இவ்வுண்மை வேலூரில், வேறொரு வியாதியின் வழியாகத் துலங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை வைத்தியர் பால் பிராண்ட், குஷ்டரோகிகளின் பாதப் புண்ணுக்கு அவர்களுடைய சதை அழுகுவது காரணமன்று, உணர்வற்ற பாதத்தின் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே காரணம் என்றும், அவ்வழுத்தத்தை நீக்கினால் புண் ஆறும் என்றும் நிலைநாட்டினார். மாவுக்கட்டும், நுண்துளை ரப்பர் பதித்த மெத்தென்ற செருப்பும் அங்கும், அருகிலுள்ள கரிகிரி மருத்துவமனையிலும் சிகிச்சையாயின. 1966-இல் அமெரிக்கா சென்ற அவர் அதே முறையை நீரிழிவுப் பாதத்துக்கும் பயன்படுத்தினார்.

வேலூரோடு ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தையும் உள்ளடக்கிய இவ்வட்டாரம், ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகள் வழியே அயல்நாட்டார் கால்களுக்கு ஜோடு தைத்து அனுப்புவது. இங்குள்ள நோயாளி வெறுங்காலோடு வயலிலும், வெயிலில் கொதிக்கும் கோயிற் கல்தளத்திலும் நடப்பதைக் காண மனம் பொறுப்பதில்லை.

வருமுன் காப்பதற்கு வழி உண்டு. நோயின் விளிம்பில் நின்றோருக்கு உணவு ஒழுங்கும் நடையும் கற்பித்த சென்னை ஆய்வொன்று, நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்ததாக 2006-இல் காட்டியது. அரிசிக்குப் பதில் உண்பது சாமையோ கேழ்வரகோ ஆயினும் அளவு மிஞ்சினால் சர்க்கரை ஏறும். அரிசியை மாற்றினாலே போதும் என்று நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ தாமே நிறுத்துவது பெருந்தீங்கு.

பாதத்தைக் காக்கும் முறை எளிது. இரவுதோறும் விளக்கடியில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்தல்; விரலிடுக்கை ஈரமறத் துடைத்தல்; வெந்நீரின் சூட்டைக் காலால் அன்றி முழங்கையால் அறிதல்; கால் ஆணியைப் பிளேடால் சீவாதிருத்தல்; செருப்பை அணியுமுன் உதறி, உள்ளே கைவிட்டுத் தடவுதல்; கொப்புளமோ நிறமாற்றமோ கண்டால் அன்றே வைத்தியரிடம் காட்டுதல். செருப்பு வாங்குவது, கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் நலம். உணர்வற்ற காலுக்கு இறுக்கம் தெரியாதாகையால், காகிதத்தின்மேல் நின்று பாதத்தின் வடிவை வரைந்து கத்தரித்து, அதைச் செருப்பினுள் இட்டு, ஓரம் மடங்காமல் படிகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.