கரிசலாங்கண்ணி: இறக்கை இல்லாத விதையின் கதை

நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சமீபத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி ஒரு தொட்டி கொடுத்தார்கள். நன்றாகப் படர்ந்து பூக்கிறது. கீரையாகச் சமைக்கலாமா?" பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் பழைய கதைக்குள் போய்வர வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

கரிசலாங்கண்ணி, கரிசாலை, கையாந்தகரை எல்லாம் ஒன்றுதான். வடமொழியில் பிருங்கராஜம். நம் காஞ்சிபுரத்தில் தெலுங்கு பேசும் நெசவாளர் வீடுகளில் குண்டகலகர ஆகு என்பார்கள். தெலுங்கில் குண்ட என்றால் நீர் தேங்கும் பள்ளம். செடியின் விலாசம் பெயரிலேயே இருக்கிறது. வயல் வரப்பு, ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், கிணற்றடி என்று ஈரம் எங்கே உண்டோ அங்கே அது இருக்கும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நான் வேலைக்காகக் காஞ்சிபுரம் வந்தபோது, இதை யாரும் பயிர் செய்து பார்த்ததில்லை. விதை வாங்கியதும் இல்லை, தொட்டியில் வைத்ததும் இல்லை. காலையில் வரப்புப் பக்கம் போகிறவர்கள் ஒரு கைப்பிடி பறித்து வருவார்கள். பாசிப்பருப்போடு பொரியலாகும். மீதியை இடித்துச் சாறு பிழிந்து எண்ணெயில் காய்ச்சுவார்கள். தானாக வருவதை எதற்கு வளர்க்க வேண்டும்? அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

உண்மையில் அது தானாக வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்தது.

சூரியகாந்தி, சாமந்தி, நம் வீட்டோரத்து வெட்டுக்காயப் பூண்டு எல்லாம் இதன் குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் ஒரு பூ என்று நாம் பார்ப்பது பல சிறு பூக்களின் கூட்டம். வெட்டுக்காயப் பூண்டின் விதையைப் பாருங்கள். உச்சியில் பஞ்சு போல மயிர்க்கற்றை இருக்கும். காற்று ஊதினால் அடுத்த தெருவுக்குப் பறந்துவிடும். கரிசலாங்கண்ணி விதைக்கு அந்த மயிர்க்கற்றை கிடையாது. சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1771-இல் இந்தச் செடிக்கு எக்ளிப்டா என்று பெயர் வைத்ததே அதனால்தான். 'குறைபட்டது' என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆதலால், கிரகணத்தைக் குறிக்கும் 'எக்லிப்ஸ்' என்ற சொல் உடனே என் நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. கிரகணத்தில் ஒளி குறைகிறது, இந்த விதைக்கு இறக்கை குறைகிறது.

இறக்கை இல்லாத விதை என்ன செய்யும்? தாய்ச்செடியின் காலடியில் விழும். மழை பெய்து வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் மிதந்து போகும். ஏரியிலிருந்து மதகு, மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல் என்று நீர் போகும் வழிதான் அதன் வழி.

இங்கேதான் நம் மாவட்டத்தின் சரித்திரம் வருகிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரம் பல்லவர் காலத்திலிருந்தே ஏரிகளின் பூமி. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இருப்பதை அறிவீர்கள். குடவோலை முறை பற்றிப் பள்ளிப் புத்தகத்திலும் உண்டு. அதில் ஏரி வாரியம் என்றே தனியாக ஒரு வாரியம், அதற்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊரின் கடமை என்று எழுதி வைத்த மண் இது. அந்த வாரியத்தார் யாரும் கரிசலாங்கண்ணியை நினைத்து ஏரியைக் காத்திருக்க மாட்டார்கள். நெல்லுக்காகக் காத்தார்கள். நெல்லுக்குப் பாய்ந்த நீர் இந்தப் பூண்டுக்கும் பொசிந்தது.

பயன் தெரிந்தவர்கள் இதை மிக உயர்வாக வைத்தார்கள். காமாலை முதலான ஈரல் நோய்களுக்குச் சித்த மருத்துவத்தில் பெயர் பெற்ற மூலிகை இது. சாற்றில் துணியை நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, படியும் கரியை எடுத்துக் கண்மை செய்தார்கள். பச்சை குத்துவதற்கும் இதன் சாறு பயன்பட்டதுண்டு. தண்டை நசுக்கிச் சற்றுநேரம் வைத்தால் சாறு கறுத்துப் போகும். பெயரில் 'கரி' சும்மா வரவில்லை.

இதன் பெருமையை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் வள்ளலார். 1823-இல் சிதம்பரம் பக்கம் மருதூரில் பிறந்தவர், சென்னையில் வளர்ந்தவர். அவருடைய தமையனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பியது நம் ஊர்க்காரரான காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம்தான். வள்ளலார் 1867-இல் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்பர்களுக்கு அவர் சொன்ன அன்றாட ஒழுக்கங்களில் கரிசலாங்கண்ணிக்கு முதலிடம் உண்டு. அதனோடு தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்த்துப் பொடி செய்து காய்ச்சிக் குடிக்கும் வழக்கத்தைச் சன்மார்க்க அன்பர்கள் இன்றும் விடவில்லை.

அடுத்த நூற்றாண்டில் ரசாயனக்காரர்களும் வந்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய மாணவர்களும், மஞ்சள் பூப்பூக்கும் கரிசலாங்கண்ணியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளின் அமைப்பை 1956-இல் வெளியிட்டார்கள். செடியின் அன்றைய அறிவியல் பெயர் வெடேலியா. ஆகவே பொருளுக்கு வெடெலோலாக்டோன் என்று பெயர். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அதே பொருள் இருக்கிறது. ஈரல் சம்பந்தமான ஆராய்ச்சிகளில் இன்றைக்கும் உலகம் முழுவதும் இந்தப் பெயர் அடிபடுகிறது. நம் வரப்புப் பூண்டின் பெயரைத் தாங்கிய பொருள், நம் கல்லூரியில் வெளிச்சத்துக்கு வந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

ஆக, கரிசலாங்கண்ணி என்று நம்மவர் சொன்னது இரண்டு செடிகளை. ஒன்று வெள்ளைப் பூ, மற்றொன்று மஞ்சள் பூ. மஞ்சளுக்குப் பொற்றலைக் கையாந்தகரை என்ற அழகான பெயரும் உண்டு. இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. நண்பர்களின் கேள்வியே அதைப் பற்றித்தான்.

ஏரிகள் தூர்ந்தன, வாய்க்கால்கள் சாக்கடையாயின, சில மனைகளாயின. எஞ்சிய வரப்புகளில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். இறக்கை இல்லாத விதை எங்கே போகும்? மஞ்சள் கரிசலாங்கண்ணி கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. அந்தக் காலி இடத்தில் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த ஓர் அலங்காரக் கொடி புகுந்துகொண்டது. சாலை நடுத்திட்டுகளிலும் பூங்காக்களிலும் தரையை மூடிப் படர்ந்து, பளிச்சென்று மஞ்சள் பூப்பது அதுதான். இரண்டும் நெருங்கிய உறவு. ஸ்பாக்னெட்டிகோலா என்ற ஒரே பேரினத்தில் இன்று இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் உறவு வேறு, ஆள் வேறு. ஒரு துண்டுத் தண்டு விழுந்த இடத்தில் வேர் பிடித்து மற்றச் செடிகளை அமுக்கிவிடும் என்பதால், உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இந்த அயல்கொடிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பேர் பட்டா கேட்டு மனுப் போடுவதை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். உண்மையான உரியவர் ஊரில் இல்லாதபோதுதான் இப்படி நடக்கும். இங்கேயும் அதே கதை. செடி மறைந்தது, பெயர் மட்டும் ஆளில்லாமல் நின்றது. வந்தவர் எடுத்துக்கொண்டார்.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. அயல்கொடியின் இலை தடித்து, வழவழவென்று மின்னும். இலையின் இரு பக்கமும் காது போலப் பிரிந்து மூன்று மடலாகத் தெரியும். பூ பெரிது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி ஈட்டி போல் நீண்டிருக்கும், மடல் கிடையாது, தடவினால் சொரசொரக்கும். பூ சிறிது. வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் சந்தேகத்துக்கே இடமில்லை. எதிரெதிரே காம்பில்லாத இலை, பெரும்பாலும் சிவப்போடிய தண்டு, சட்டைப் பொத்தான் போன்ற வெள்ளைப் பூ. தண்டை நசுக்கினால் கறுக்கும்.

ஆகவே நண்பர்களுக்கு என் பதில்: உங்கள் தொட்டியில் மூன்று மடல் இலை இருந்தால் அதைச் சமைக்காதீர்கள், சாறும் குடிக்காதீர்கள். நம் முன்னோர் சாப்பிட்டுப் பழகிய கீரை அது அல்ல. பிடுங்கிய கொடியை வாய்க்காலிலோ காலி மனையிலோ வீசவும் வேண்டாம். அங்கேயும் படர்ந்துவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

அதற்குப் பதில் உண்மையான செடியை வளர்ப்போம். மாடியில் ஒரு பழைய அகலத் தொட்டி போதும். தோட்ட மண்ணோடு மட்கிய சாண எருவைக் கலந்துகொள்ளுங்கள். வெள்ளைக்கு முற்றிய பூத்தலையைக் கையில் கசக்கினால் கறுப்பு விதை உதிரும். மண்மேல் தூவிவிட்டு லேசாகத் தட்டினால் போதும். மூடக்கூடாது, இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். அல்லது ஒரு சாண் தண்டை வெட்டி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நட்டால் வேர் பிடித்துவிடும். மஞ்சளுக்கு இந்தத் தண்டு முறையே நல்லது. அது தரையோடு படரும், கொஞ்சம் நிழலையும் தாங்கும். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். மற்றச் செடிக்கு ஒருநாள் தண்ணீர் மறந்தால் மன்னித்துவிடும், இது மன்னிக்காது. ஏரிக்கரையில் பிறந்த குணம். பறிக்கும்போது வேரோடு பிடுங்காமல், அடியில் நான்கு விரல் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். மிஞ்சிய தழையை நிழலில் உலர்த்திப் பொடி செய்யலாம். சில பூக்களை முற்றவிட்டு விதை எடுத்து, அக்கம்பக்கத்தில் கொடுங்கள். அதற்கு இறக்கை இல்லை, நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. சாக்கடை ஓரம் செழிப்பாக முளைத்ததைப் பறிக்காதீர்கள். கழிவுநீரில் உள்ளதெல்லாம் இலையில் ஏறும். காமாலை என்று தெரிந்தால் கீரையை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாமல், முதலில் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரைப் பாருங்கள். நாள்தோறும் மாத்திரை சாப்பிடும் நம் வயதுக்காரர்கள், தினமும் சாறு குடிப்பதானால் சித்த மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள் பருப்போடு பொரியல் என்பது நம் வீடுகளில் பழகிய அளவு.

ஏரி வாரியத்தை நம்மால் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒரு தொட்டியின் ஈரத்தைக் காய விடாமல் பார்த்துக்கொள்ள முடியும். உங்கள் பக்கத்தில் எந்த வரப்பிலாவது மஞ்சள் கரிசலாங்கண்ணி இன்னும் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அங்கே அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.