சென்னையை ஆண்ட குன்றம்

தமிழகத்தினின்று சாலைவழியே வரும் உற்றார் உறவினரைக் கச்சிபௌலியில் வாழும் நம்மவர் மாலைப்பொழுதில் தவறாது அழைத்துச் செல்லும் இடம் கோல்கொண்டாக் கோட்டை. வெயில் தணிந்தபின் படியேறலாம். இருள் சூழ்ந்ததும் ஒலி ஒளிக் காட்சி காணலாம். எனினும், "இது பிறர் வரலாறு" என்னும் எண்ணத்துடனேயே பலரும் திரும்புகின்றனர். இக்கோட்டை நம் வரலாற்றிலும் ஓர் ஏடு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெலுங்கில் 'கொல்ல' என்பது ஆயரையும், 'கொண்டா' என்பது குன்றையும் குறிக்கும். காகதீயர் காலத்தில் மண்கோட்டையாக எழுந்து, பின்னர்ப் பாமினி சுல்தான்கள் வசமான இவ்வாயர் குன்றில், 1518-இல் சுல்தான் குலி, குதுப் ஷாஹி அரசை நிறுவினார். குன்றின் உயரம் ஏறத்தாழ 400 அடி. புறமதிலில் 87 கொத்தளங்கள் உள்ளன. பதே தர்வாசா வாயிலின் வளைவின்கீழ்க் கைதட்டினால், உச்சியிலுள்ள பாலா ஹிசார் மண்டபத்தில் அவ்வோசை கேட்கும். பகைவர் வரவை அரசனுக்கு உணர்த்த அமைந்த ஏற்பாடு அது. கச்சிபௌலிக்கு அருகிலுள்ள துர்கம் செருவு என்னும் ஏரியே கோட்டைக்குக் குடிநீர் அளித்தது என்பர்.

இனித் தமிழகத் தொடர்பைக் காண்போம். 1639-இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் அளித்தார் என்பதை யாவரும் அறிவோம். ஆனால், அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1646-47 அளவில், கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா அப்பகுதியை வென்றார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னைக்கு மேலரசர் கோல்கொண்டா சுல்தானே ஆவார். 1672-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆண்டுக்கு 1,200 வராகன் குத்தகை செலுத்த ஆங்கிலேயர் இசைந்தனர். அவ்வாண்டிலேயே பிரெஞ்சுக்காரர் சாந்தோமைக் கைப்பற்றினர். கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் அதனை முற்றுகையிட்டு, 1674-இல் அவர்களைப் பணிய வைத்தனர்.

1677-இல் சிவாஜி ஐதராபாத்துக்கு வந்து சுல்தான் அபுல் ஹசன் தானா ஷாவுடன் நட்புக் கொண்டார். இங்கே பொருளும் பீரங்கிகளும் பெற்றுத் தெற்கே சென்று, அவ்வாண்டிலேயே செஞ்சியைக் கைப்பற்றினார். வென்ற நிலத்தில் கோல்கொண்டாவுக்குப் பங்கு கிட்டவில்லை. ஆயினும், செஞ்சியில் மராட்டியர் கொடி பறப்பதற்கு இந்நகரில் நிகழ்ந்த உடன்பாடு துணைநின்றது என்பதில் ஐயமில்லை.

1687-இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவை முற்றுகையிட்டார். ஏறத்தாழ எட்டு மாதங்கள் பீரங்கியாலும் வெடிமருந்தாலும் கோட்டையைத் தகர்க்க இயலவில்லை. பெருமழையும் பஞ்சமும் நோயும் முகலாயர் பாசறையை வாட்டின. இறுதியில், செப்டம்பர்த் திங்களில், கையூட்டுப் பெற்ற கோட்டை அதிகாரி ஒருவன் இரவில் வாயிலைத் திறந்துவிட்டான். விலைபோகாத அப்துர் ரசாக் லாரி என்னும் வீரரோ, எண்ணற்ற காயங்களுடன் இறுதிவரை போரிட்டு வீழ்ந்தார். அவர்தம் உண்மையை மதித்த ஔரங்கசீப், தம் மருத்துவர்களைக் கொண்டே அவரைப் பிழைக்கச் செய்தார். தானா ஷா தௌலதாபாத்தில் சிறை வைக்கப்பட்டார்.

அவ்வீழ்ச்சி தெற்கேயும் அதிர்ந்தது. சென்னையின் மேலரசுரிமை முகலாயருக்குச் சென்றது. முகலாயப் படை தமிழகத்தில் புகுந்தது. இராஜாராமைத் தேடிவந்து செஞ்சியை வளைத்த அப்படை, 1698-இல்தான் அக்கோட்டையைக் கைக்கொண்டது. இங்கே திறந்த கதவின் விளைவைச் செஞ்சி நாட்டு உழவர் பல்லாண்டு சுமந்தனர்.

இந்நகரில் பிறந்து வளரும் நம் சிறார்க்குச் சார்மினார் பள்ளிப்பாடம். சென்னையோ விடுமுறை ஊர். இரண்டும் ஒரே வரலாற்றின் பகுதிகள் என அவர்க்குச் சொல்வோர் சிலரே. அடுத்தமுறை விருந்தினருடன் பாலா ஹிசார் ஏறி நிற்கையில், 1,200 வராகன் கணக்கை அவர்க்குச் சொல்லுங்கள். ஐதராபாத் வாழ் தமிழர் அக்கோட்டையில் அயலாராய் நிற்க வேண்டுவதில்லை.