உலக்கை ஏந்திய தாய்மார்

ஆரணிக் கோட்டைக்கு வரலாற்றேட்டில் இடம் உண்டு. 1751-ஆம் ஆண்டில் கிளைவு இங்கே போரிட்டான். 1782-இல் ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இங்கே மோதின. வந்த தளபதி யார், வகுத்த வியூகம் என்ன என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் படை கடந்துபோன ஊர்களில் மறுநாள் உலை கொதித்ததா, ஓடி ஒளிந்த பிள்ளைகளைத் தேடி அழைத்து வந்தவள் எவள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. இந்தப் பாடத்தை நான் நடத்திக் கொண்டிருந்தபோது நெசவாளர் வீட்டுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, சண்டை போட்டவர்கள் பெயர் இருக்கிறது. சண்டையை நிறுத்தப் பார்த்தவர்கள் பெயர் ஏன் இல்லை?” என்றாள். நாளை சொல்கிறேன் என்று தப்பித்துக் கொண்டேன். இக்கட்டுரை அந்த ‘நாளை’க்காக.

அப்படிப்பட்டவர் தமிழினத்தில் தோன்றாமல் இல்லை. நம் தொண்டை நாட்டை ஆண்ட தொண்டைமானிடம், அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக வந்தவர் ஔவையார். படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டிப் பெருமிதம் கொண்டான் மன்னன். புகழ்வதுபோலப் பேசியே, பளபளக்கும் வேல் போர் காணாத வேல் என்பதை அவனுக்கு உணர்த்தினார் அந்தப் பெண்பாற் புலவர். புறநானூறு காட்டும் காட்சி இது. மேடைதோறும் இதை முழங்குகிறோம், மார்தட்டுகிறோம். ஔவைக்குப் பின் எத்தனை பெண்களை நாம் தூது அனுப்பினோம்? கேட்டுப் பார்த்தால் தலை தானாகத் தாழ்கிறது.

யாரும் அனுப்பாமலே புறப்பட்ட பெண்கள் கடலுக்கு அப்பால், தமிழ் பேசும் மண்ணிலே இருந்தார்கள்.

1984-ஆம் ஆண்டு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை இலங்கை அரசு பிடித்துச் சென்றது. யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி பிறந்தது. அடுப்படியை விட்டு வீதிக்கு வந்தனர் தாய்மார். பேரணி நடத்தினர், அதிகாரிகளின் வாயிலில் மறியல் செய்தனர், பிள்ளையைத் தா என்றனர். அரசியல் கட்சிகள் நடுங்கிக் கிடந்த நேரம் அது. தாய் என்ற சொல் ஒன்றே அவர்களுக்குக் கவசம்.

அந்தத் தீப்பொறி கிழக்கிலங்கைக்கும் பரவியது. 1986-இல் அங்கே நடந்ததைத்தான் என்னால் மறக்க இயலவில்லை. விடுதலை கோரிய இயக்கங்களுக்குள்ளேயே பகை மூண்ட ஆண்டு அது. விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்து இளைஞர்களைக் கொன்றொழிக்க முனைந்தபோது, அதைத் தடுக்கக் கிழக்கின் அன்னையர் முன்னணிப் பெண்கள் உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தனர். உலக்கை! நெல் குற்றும் மரக்கட்டை! எதிரே துப்பாக்கி. அன்னியன் பிடித்தாலும் பிள்ளை, அண்டை வீட்டான் சுட்டாலும் பிள்ளை என்று எண்ணியவர்கள் அவர்கள். உலக்கை துப்பாக்கியை வெல்லவில்லை. டெலோ அவ்வாண்டிலேயே நசுக்கப்பட்டது. எனினும், தம் இனத்தாரின் கையில் இருந்தது என்பதற்காக ஒரு துப்பாக்கியை மன்னிக்க மறுத்த பெண்கள் நம்மிடையே இருந்தார்கள். நம்மவர் பலர் இதைப் பேசுவதே இல்லை. பேசினால் எவருக்கேனும் உறுத்தும்.

இந்திய அமைதிப் படை அங்கே சென்ற பின், மட்டக்களப்பில் அதே முன்னணியைச் சேர்ந்த பூபதி, 1988 மார்ச் 19 அன்று மாமாங்கேசுவரர் கோயிலில் உண்ணாநோன்பு தொடங்கினார். போரை நிறுத்துக, புலிகளோடு பேசுக என்பவை அவருடைய கோரிக்கைகள். ஏப்ரல் 19 அன்று உயிர் பிரிந்தது. பின்னாளில் அவருடைய படத்துக்கு மாலைகள் விழுந்தன. ‘அன்னை’ என்ற பட்டம் நிலைத்தது. போர் நிறுத்தம் கேட்டு மாண்டவரின் படம், போருக்கு ஆள் சேர்த்தவர்களின் மேடையிலும் தொங்கியது.

ராஜினி திரணகமவின் கதை இன்னும் கசப்பானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த மருத்துவர். மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை நிறுவியோருள் ஒருவர். போரில் சிதைந்த பெண்களுக்காகப் ‘பூரணி’ இல்லம் அமையப் பாடுபட்டவர். அரசுப் படை, அமைதிப் படை, இயக்கங்கள் என்று எந்தத் துப்பாக்கியையும் விட்டுவைக்காமல் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் புலிகளே என்று அவரோடு பணியாற்றியவர்கள் எழுதினர்.

சிங்களத் தாய்மாரின் நிலை வேறாக இருந்ததா? தென்னிலங்கையில் கிளர்ச்சியை ஒடுக்கும் பெயரால் ஆயிரமாயிரம் இளைஞர் காணாமற்போயினர். 1990-இல் மாத்தறையில் அவர்களும் ஓர் அன்னையர் முன்னணி கண்டனர். இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 பேர் சேர்ந்தனர். நீதிமன்றக் கதவு திறக்காதபோது கோயிலில் தேங்காய் உடைத்து ஆட்சியாளரைச் சபித்தனர். சாபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவர்களைக் கேலி செய்யவும் நா எழவில்லை. அந்த முன்னணிக்கு எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் இருவர் துணை நின்றனர். ஒருவர் மங்கள சமரவீர. மற்றவர் மகிந்த ராஜபக்ச! 1994-இல் அக்கட்சி ஆட்சிக்கு வந்தது, முன்னணி மங்கியது. 2009-இல் முள்ளிவாய்க்காலில் தமிழ்த் தாய்மார் கதறியபோது குடியரசுத் தலைவராக இருந்தவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தாய்மை கதவைத் திறக்கும். திறந்த கதவு வழியே முதலில் நுழைபவர் வேறு யாரோ. தன் பெயரில், தன் கணக்கில், தன் தீர்மானத்தில் நடக்கும் சங்கம் பெண்களுக்கு இல்லாத இடத்தில் அவர்களுடைய கண்ணீர் பிறர் கொடிக்குச் சாயமாகிறது. தனித்து நின்ற அமைப்புகளோ நீடித்தன. 1989-இல் உருவான ‘இலங்கையின் அன்னையரும் மகளிரும்’ என்ற கூட்டமைப்பு இனம் கடந்த பெண்களை இணைத்தது. கிழக்கிலிருந்து அகதிகளாகக் கொழும்பு சேர்ந்த பெண்களிடையே 1991-இல் தொடங்கி, பிறகு மட்டக்களப்பில் வேரூன்றிய சூரியா பெண்கள் நிலையமும் அவ்வகையே.

எங்கள் ஊரில் தறியில் அமர்பவர் பெயரால் சேலை விலை போகிறது. தார் சுற்றியவளும், பாவு பிணைத்தவளும், அறுந்த பட்டிழையை முடிந்தவளும் கூலிப் புத்தகத்தில் இல்லை. அமைதிப் பேச்சிலும் அதே கணக்குத்தான். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. இரு தரப்பின் முதன்மைப் பேச்சாளர்களும் ஆடவரே. பெண்களுக்கெனத் துணைக்குழு ஒன்று வைத்தார்கள்: அரசு ஐவர், புலிகள் ஐவர், நடுவே நார்வே நாட்டு ஆஸ்திரிட் ஹைபெர்க். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினர். மீள்குடியேற்றம், உயிர்ப் பாதுகாப்பு, பிழைப்பு, அரசியல் இடம் என்று வாழ்க்கைக்கு வேண்டியவற்றைப் பேசத் தொடங்கினர். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினர். துணைக்குழுவும் அதோடு போயிற்று. அமைதி முயற்சிகளில் பெண்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 1325-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது 2000 அக்டோபரில். அது ஏட்டில் இருந்தது.

அதே 2003-இல் ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் பெண்கள் வேறு வழி கண்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெள்ளை உடுத்து ஒன்றாக அமர்ந்தனர். கானா நாட்டின் அக்ராவில் பேச்சு இழுபட்டபோது மண்டப வாயிலை மறித்தனர். முடிவு காணாமல் எவரும் வெளியேற முடியாது என்றனர். ஆகஸ்டில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அவர்களை வழிநடத்திய லேமா போவீ 2011-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஈழத்துத் தாய்மாரோ 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன் பந்தல் போட்டு அமர்ந்தனர். சில நாளில் வவுனியாவிலும் பந்தல் எழுந்தது. மடியில் மகனின் படம், கேள்வி ஒன்றே: எங்கே? அந்த இருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. விடை வருமுன்பே அவர்களுள் பலர் இறந்தனர். காலியான இடத்தில் மற்றொருத்தி அந்தப் படத்தையும் தன் மகன் படத்தோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.