பி.ஆர். தந்த சமையல் படிப்பு

2008-இல் நண்பரின் மகன், பி.இ. முடித்தவன், சமையற்கலை படிக்க மெல்பர்ன் கிளம்பினான். "எஞ்சினீயருக்கு எதற்கடா கரண்டி?" என்றேன். "படிப்பு சாக்குதான் அங்கிள், பி.ஆர்.தான் குறி!" என்றான். கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து நான்தான் போட்டேன்.

அவன் கணக்கு தப்பில்லை. ஆஸ்திரேலியாவில் படித்தவர்கள் ஊர் திரும்பாமலே நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க 2001-இல் வழி பிறந்தது. ஆள் பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியலில் சமையலும் முடிதிருத்தமும் சேர, அவற்றுக்கான தனியார் கல்லூரிகள் பெருகின.

2010 பிப்ரவரி 8 அன்று அரசு அந்தப் பட்டியலையே ரத்து செய்தது. படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பதினெட்டு மாத வேலை விசா. அதற்குள் ஸ்பான்சர் செய்யும் முதலாளி கிடைத்தால் உண்டு. அவனுக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வந்தான். வங்கிக் கடிதம் எனக்கும் வந்தது.

இப்போது கையெழுத்து கேட்பவர்களிடம் ஒன்றே கேட்கிறேன்: பி.ஆர். கிடைக்காவிட்டாலும் இந்தப் படிப்பு சோறு போடுமா?